ஈரக் கேன்வாஸ்

"சார் வரலீங்களா?" என்று கேட்கிறான் கடைக்காரன். நான் இன்னும் கடைக்குள் முழுசாக நுழையக்கூட இல்லை. ஒரு கால் படியில், ஒரு கால் ரோட்டில், கக்கத்தில் பழைய கூடாரத்தின் காலிப் பை. அதற்குள் சாரைத் தேடுகிறான். எந்தச் சாரை? என் வீட்டுச் சார் இந்நேரம் ஃபேனுக்கு நேர் கீழே பாயைப் போட்டுப் படுத்திருப்பார். "அதான் மன்னிப்புக் கேட்டாச்சே தவமணி, ஒரு கூடாரத்தையும் வாங்கி அவங்க மூஞ்சியில எறிஞ்சிட்டு வந்து நிம்மதியா இரு" என்று காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னவர் அவர். நிம்மதி என்ன நிம்மதி? "நான்தான் வந்திருக்கேன், கூடாரம் வேணும், கேன்வாஸ்ல" என்கிறேன். "லாரிக்குப் போர்த்தவா மேடம்?" நான் லாரி வைத்திருப்பவள் மாதிரியா இருக்கிறேன்? சரி, வைத்திருந்தால்தான் என்ன? இந்தச் செவ்வாய்ப்பேட்டைத் தெருவில் கடைக்குக் கடை தார்ப்பாய் தொங்குகிறது, சங்ககிரி லாரி, நாமக்கல் லாரி எல்லாம் இங்கேதான் துணி எடுக்கும், அதில் ஒன்று என்னுடையதாக இருக்கக்கூடாதா? கோபத்தை இவன் மேல் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. இவன் சாதிக், பெயர் பலகையிலேயே இருக்கிறது, நாற்பது வயசிருக்கும், காதில் பென்சில் செருகியிருக்கிறான், பார்த்தால் கெட்டவனாகத் தெரியவில்லை. என் கோபம் வேறு ஆட்கள் மேல். "மனுசங்க தங்கறதுக்கு. சனி ஞாயிறுல வெளியூர்ல முகாம் போடுவோம். கல்வெட்டுப் படிக்கிற குழு" என்றேன். "அப்படிங்களா, உக்காருங்க" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். துணி வாசம் மூக்கில் ஏறுகிறது, மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசம். அந்தச் சித்திரைச் சனிக்கிழமை கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தபோதும் இதே வாசம்தான் அடித்தது. இரண்டு மாதமாக மழை என்று யாராவது சொன்னாலே எனக்கு இந்த வாசம்தான் மூக்கில் ஏறுகிறது.

உறுப்பினர் ஒருவரின் கவனக்குறைவினால் படி சேதமுற்றது. இதுதான் அந்த வரி. படி என்றால் கல்வெட்டின்மேல் தாளை ஒட்டி மையால் எடுக்கிற நகல். எங்கள் நடுகல் வட்டத்தின் ஆண்டு மலரில், பதினேழாம் பக்கத்தில், மேலிருந்து ஆறாவது வரி. நேற்றுச் சாயங்காலம் மெய்ப்பு வாட்ஸ்அப்பில் வந்தது, திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. உறுப்பினர் ஒருவராம். ஒன்பது பேர் இருக்கிற குழுவில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான், அன்றைக்குக் கூடாரத்துக்குள் இருந்தவளும் நான் ஒருத்திதான், ஒருவர் என்று போட்டால் ஊருக்குத் தெரியாதா? செயலாளர் நல்லசிவம் சார் போன் பண்ணி, "பேர் போடலைங்க மேடம், பெருந்தன்மையா விட்டுட்டோம்" என்றார். பெருந்தன்மை! நான் நில அளவைத் துறையில் இருபத்தேழு வருஷம் வரைவாளர். வயல் வரப்பு, கிணறு, வாய்க்கால், ஊர் எல்லை எல்லாம் இந்தக் கையால்தான் தாளில் இறங்கியது. ஒரு கோடு அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் அங்கே இரண்டு பங்காளிகள் வெட்டிக்கொண்டு சாவார்கள் என்று தெரிந்து கோடு போட்டவள். இந்தக் கைக்குக் கவனக்குறைவாம். அதுவும் யார் எழுதுவது? கல்லில் வெட்டியவன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு கால் போட மறந்தால்கூடக் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதுகிறவர்கள். எழுதினால் நிற்கும் என்று இவர்களுக்குத் தெரியாதா? இன்னும் நூறு வருஷம் கழித்து எவனாவது ஒரு நூலகத்தில் அந்த மலரைத் தூசி தட்டி எடுப்பான், பதினேழாம் பக்கத்தில் நான் கவனமில்லாதவளாக உட்கார்ந்திருப்பேன். எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் இதனால்தான், வேறு எதனாலும் இல்லை. ஆனால் வாயைத் திறந்து சண்டை போடவும் முடியவில்லையே. ஏனென்றால் அன்றைக்கு நானே ஒத்துக்கொண்டேன். நானே, என் வாயால், எட்டு பேர் முன்னால், "நான்தான் கையை வச்சிட்டேன் போலிருக்கு, மன்னிச்சுக்குங்க" என்றேன்.

சாதிக் ஒவ்வொன்றாக இழுத்துப் போடுகிறான். இது நைலானுங்க, மூணு கிலோதான், தோள்ல மாட்டிக்கலாம், ஆனா உள்ள புழுங்கும். இது இரும்புக் கம்பி நாலு வச்சது, கல்யாண மண்டபத்துல சமையலுக்குப் போடுவாங்க. இது ரெண்டு பக்கமும் சரிஞ்ச மாதிரி நிக்கிறது, நடுவுல மட்டும்தான் நிமிரலாம், ஓரத்துல தவழ்ந்துதான் போகணும். தவழ்வது என்றதும் எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வருகிறது. போன வருஷம் பூரா நான் தவழ்ந்தேன். நல்லசிவம் சார் சொந்தக்காரர் யாரிடமோ இரவல் வாங்கி வந்த ஒரு கூடாரம், இடுப்பு உயரம்கூட இல்லை. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டி போட்டு உள்ளே போவேன், அவர்கள் எட்டு பேரும் ஊர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கால் நீட்டிப் படுப்பார்கள். "லேடீஸுக்குத் தனியா ஏற்பாடு பண்ணியிருக்கோம்" என்று தலைவர் திருஞானம் ஐயா ஊர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார். ஏற்பாடு என்பது என்னவென்றால் நான், வெங்காய மூட்டை, மை டப்பா, கேஸ் அடுப்பு. காலையில் எழுந்தால் தலைமுடி பூரா வெங்காய நாற்றம். நான் ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லவில்லை. டீ ஆறிப்போகும், எட்டு பேர் மூஞ்சியும் தொங்கிப்போகும், எதற்கு வம்பு என்று இருந்தேன். அப்படி இருந்து இருந்து பழகிய வாய்தான் அன்றைக்கு மன்னிப்பும் கேட்டுத் தொலைத்தது. "நிமிர்ந்து நிக்கிற மாதிரி வேணும், நான் நிமிர்ந்து நிக்கணும்" என்றேன் சத்தமாக. சாதிக் என் உயரத்தை ஒரு பார்வை பார்த்தான். "அப்ப ஒத்தைக் கம்பு வச்சதுதான் சரி, நடுவுல ஒரே கம்பு, சுத்தியும் கயிறு. ஆறே முக்கால் அடி. எத்தனை பேருங்க?" எத்தனை பேர் என்று சொல்ல? குழுவுக்கு வாங்கித் தரச் சொல்லித்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். பங்குனியில வாங்கினதை நீங்கதான் பாழாக்கினீங்க, புதுசு ஒன்று நீங்களே எடுத்துத் தந்துட்டா மனஸ்தாபம் இல்லாமப் போயிடும், அடுத்த சனிக்கிழமை முகாமுக்கு ஆகும் என்று நல்லசிவம் சார் கூட்டத்தில் சொன்னார். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. நானும் தலையை ஆட்டினேன்.

நான் பாழாக்கினேனா? இந்த இடத்தில்தான் எனக்கு எப்போதும் மாட்டிக்கொள்கிறது. அரூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர், ஏரிக்கரையில் இடுப்பளவு கல், வில்லைப் பிடித்தபடி ஒருத்தன், காலடியில் ஒரு மாடு, தலைக்கு மேல் மூன்று வரி எழுத்து. ஊர் மாட்டை எவனோ ஓட்டிக்கொண்டு போக, இவன் துரத்திப்போய் மீட்டுச் செத்தவன். தொறு மீட்டுப் பட்டான் என்பது மூன்றாவது வரியில் தெளிவாகவே தெரிந்தது. அவன் பெயர் இரண்டாவது வரியில், தேய்ந்துபோய், பக்கவாட்டில் வெயில் விழும் காலை நேரத்தில் மட்டும் லேசாகத் தலைகாட்டும். போட்டோவில் விழவே இல்லை. நான்தான் படியெடுத்தேன். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி ஒவ்வொரு பள்ளத்திலும் தாளை இறக்கி, மை ஒத்தி எடுத்தேன். முட்டி வலிக்கிறது என்று ஏதோ ஒரு துணியை மடித்துக் கீழே போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் மண்டி போட்டேன். தாளை உரித்ததும் பார்த்தால் அந்தப் பெயர் கறுப்புக்குள் வெள்ளையாக நிற்கிறது, ஐந்து எழுத்து. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து எல்லோரும் உட்கார்ந்து படிக்கலாம் என்றார் திருஞானம் ஐயா. அவர் படிக்கும் முன்னால் மற்றவர்கள் படித்துச் சொல்வது எங்கள் குழுவில் வழக்கமில்லை. அதனால் நானும் எழுத்துக் கூட்டிப் பார்க்காமல் தாளைக் கூடாரத்துக்குள் காயப் போட்டேன். அன்றைக்குத்தான் நல்லசிவம் சார் வாங்கி வந்த புதுக் கேன்வாஸ் கூடாரத்தை முதல்முறையாகப் பிரித்தது. நாலு மணிக்குக் கோடை மழை திடுதிப்பென்று பிடித்தது. "மேடம், நீங்க உள்ள பார்த்துக்குங்க" என்று கத்திவிட்டு எட்டு பேரும் டீக்கடைக்குள் ஓடிவிட்டார்கள். நான் உள்ளே. மேலே தடதடவென்று சத்தம். அப்புறம் தாள்மேல் சொட்டு, இன்னொரு சொட்டு, மை கரைகிறது, பெயர் ஓடுகிறது. நான் கையை உயர்த்தினேன். அப்போது பார்த்துத் திருஞானம் ஐயா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் குனிகிறார். "தொட்டுட்டீங்களா! ஈரக் கேன்வாஸை உள்ளேருந்து தொடக்கூடாதும்மா, தொட்டா அந்த இடத்துல தண்ணியை உள்ள இழுத்துக்கும், என்சிசியில சேர்ந்த முதல் நாளே சொல்லிக் குடுப்பாங்களே!" என்றார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் ஓடிவந்துவிட, எட்டு பேரும் என் கையைப் பார்த்தார்கள். நானும் என் கையைப் பார்த்தேன். அது மேலேதான் இருந்தது, துணியைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

முதலில் கையா, முதலில் தண்ணீரா? இரண்டு மாதமாக இதே கேள்வி. பாத்திரம் துலக்கும்போது, பஸ்ஸில், ஆபீஸில் ஸ்கேலை வைத்துக் கோடு இழுக்கும்போது, நடுக்கோட்டில் கை நின்றுவிடுகிறது. ஒழுகியதால் தொட்டேனா, தொட்டதால் ஒழுகியதா? ஆரம்பத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பின்கழுத்தில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது, அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன், கை தூக்கினேன். கழுத்துக்கு அது ஞாபகம் இருந்தது. ஆனால் எட்டு பேர் திரும்பத் திரும்ப, தொட்டீங்கல்ல, தொட்டீங்கல்ல என்று சொல்லும்போது கழுத்தாவது ஒன்றாவது? இப்போது யோசித்தால் முதலில் கை தூக்குவது போலத்தான் தெரிகிறது, சொட்டு அப்புறம் விழுகிறது. அவர்கள் சொன்னது என் ஞாபகத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு மனுஷியின் சொந்தக் கழுத்தைக்கூட நம்ப முடியாமல் பண்ணிவிட்டார்கள். இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் உறுத்துவது. தாளில் கரைந்த இடங்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வரிசையாக இருந்தன. நாலு. நூல் பிடித்த மாதிரி நேர்க்கோட்டில், சாண் இடைவெளியில். நான் ஒரு இடத்தில் தொட்டால் நாலு இடத்தில் எப்படிச் சொட்டும்? வரைவாளர் கண், அதை அன்றைக்கே பார்த்தது. பார்த்தும் வாய் மன்னிப்புக் கேட்டது. அந்த ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாங்கள் மை ஒத்தி, தண்ணீர் தெளித்து, பயபக்தியோடு மண்டி போட்டதைப் பார்த்துவிட்டு, ஆபீசருங்களே வந்து பூசை பண்ணிட்டுப் போறாங்க, நம்ம சாமிக்கு அவ்வளவு சக்தி என்று ஆளாளுக்கு வசூல் போட்டு, அடுத்த வாரம் நாங்கள் போவதற்குள் கல்லுக்குப் பச்சை எனாமல் பெயிண்ட் மூன்று கோட்டு அடித்து, சுற்றி டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். எழுத்து மொத்தமாக மூடிப்போச்சு. வில் வைத்திருந்தவனுக்கு இப்போது மீசை இருக்கிறது, பெயர் இல்லை. மாட்டுக்காக உயிரை விட்டவன், ஆயிரம் வருஷம் மழையிலும் வெயிலிலும் பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தவன், என் கையால் அழிந்தான். இரண்டு மாதமாக அவனிடம் நான் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டிருப்பேன்! நல்லசிவம் சாரிடம் கேட்டது வாயளவு, இவனிடம் கேட்டது நெஞ்சிலிருந்து.

"பழசு நம்ம கடையில எடுத்ததுங்களா?" என்கிறான் சாதிக். நான் திடுக்கிட்டுப் பார்க்கிறேன். ஆமாம், பையில் உங்கள் கடைப் பெயர்தான் இருந்தது, அதை வைத்துத்தான் வந்தேன். "துணிக்கு என்ன ஆச்சு?" பூஞ்சை பிடித்துவிட்டது என்றேன். ஈரத்தோடு மடித்து டிக்கியில் போட்டார்கள், பத்து நாள் கழித்துப் பிரித்தால் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி, பக்கத்தில் நிற்க முடியவில்லை. மடித்தது நல்லசிவம் சார், டிக்கியும் அவருடையது, அது மட்டும் எந்தப் பக்கத்திலும் எந்த வரியிலும் இல்லை. "அடடா, ஈரத்தோட மடிக்கலாமாக்கா?" என்றான். மேடம் அக்காவாகிவிட்டேன். "மழை குடிச்ச கூடாரம் இனிமே ஒழுகவே ஒழுகாது, அதைப் போய்க் கெடுத்துட்டாங்களே." நான், "என்ன சொன்னீங்க?" என்றேன். "ஆமாக்கா. புதுத் துணி தைக்கும்போது ஊசி போன ஓட்டை அப்படியே இருக்கும்ல, முதல் தண்ணியில தையல் பூரா ஒழுகத்தான் செய்யும். நனைஞ்சு காஞ்சாத்தான் நூல் உப்பி ஓட்டையை அடைக்கும். ரெண்டு தடவை நனைச்சு ரெண்டு தடவை காயவச்சாப் போதும். யாருக்குக் குடுத்தாலும் சொல்லித்தான் குடுப்பேன், பைமேல மார்க்கர்ல எழுதியும் விட்டுருவேன். எங்க, குடுங்க." பையை என் கையிலிருந்து வாங்கினான். காய்ந்த சேறு அப்பிக் கிடந்தது, அன்றைக்குப் பிடித்த ஏரிக்கரைச் சேறு, யாரும் தட்டக்கூட இல்லை. கல்லாவில் கிடந்த பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்து மேலிருந்து கீழாக நாலு இழுப்பு இழுத்தான். நாங்கள் கல்லைத் துடைப்போமே, அதே மாதிரி. மண் உதிர உதிர எழுத்து வெளியே வந்தது. முதலில் ஒரு கொம்பு, அப்புறம் ஒரு கால், அப்புறம் முழுச் சொல். மூன்று வரி. நான் வாய் விட்டே படித்தேன். புதுக் கூடாரம் முதல் மழையில் ஒழுகும். ரெண்டு முறை நனைத்துக் காய வைத்த பிறகே உபயோகிக்கவும். ஈரத்தோடு மடிக்காதீர். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. ஒன்பது பேர். வட்டெழுத்துப் படிப்போம், கிரந்தம் படிப்போம், மூளியான கல்லில் பாதி எழுத்தை வைத்துக்கொண்டு மீதியைச் சண்டை போட்டுக் கண்டுபிடிப்போம். ஒன்பது பேரும் மாறி மாறித் தூக்கிய பை, பட்டை மார்க்கரில், தமிழில், நேற்றைய கையெழுத்தில், மூன்று வரி. ஒருத்தரும் படிக்கவில்லை. நானும்தான். முட்டிக்குக் கீழே மடித்துப் போட்டேனே ஏதோ ஒரு துணி, அது இதுதான். சேறு அந்தப் பக்கம் மட்டும் அப்படி அப்பியிருப்பது என் முட்டியால்தான். ஆயிரம் வருஷத்து மூன்று வரியை மூன்று மணி நேரம் தட்டித் தட்டி எடுத்தேன், இந்த மூன்று வரியின்மேல் மண்டி போட்டுக்கொண்டு. சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? எனக்கு இரண்டும் வந்தது, ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே கோபம்தான் வந்தது. இரண்டு மாதம்! இரண்டு மாதம் நான் சாப்பிடாத சாப்பாடு!

"மொட்டை மாடி இருக்குங்களா?" என்று கேட்டேன். இருக்கிறது, கூடாரத்தைப் போட்டுக் காட்டுவதே அங்கேதான் என்றான். "அந்த ஒத்தைக் கம்பு வச்சதைப் போடுங்க. போட்டு, தண்ணி ஊத்துங்க. நான் உள்ள உக்காந்துக்கறேன்." அவனுக்குப் புரியவில்லை. "புதுசுக்கா, இப்பதான சொன்னேன், ஒழுகும்." "ஒழுகட்டும்" என்றேன். வாங்குவதா வேண்டாமா என்று சந்தேகப்படுகிறேன் என்று நினைத்திருப்பான். இல்லை தம்பி, நான் இதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன், எப்படியும் நனைத்துத்தானே தரப்போகிறாய், அந்த முதல் தண்ணீரில் நான் உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாடியில் வெயில் கொளுத்துகிறது. தூரத்தில் ஏற்காட்டு மலை வெளிறிக் கிடக்கிறது, ஒரு பொட்டு மேகம் இல்லை. அவனும் தையல் மெஷினில் இருந்த ஆளும் கம்பை நட்டு, கயிறுகளுக்குச் செங்கல் கட்டி, அரைமணியில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே போனேன். நிமிர்ந்து போனேன், குனியவில்லை. தலைக்கு மேல் இன்னும் ஒரு முழம் இடம் இருந்தது. வெயில் துணி வழியாக இறங்கி உள்ளே எல்லாம் மஞ்சளாக இருக்கிறது. சிமெண்டுத் தரை சுடுகிறது, கைப்பையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டேன். கோத்தது பிரியக்கூடாது, என்ன ஆனாலும் சரி, ஈ மொய்த்தாலும் சரி. வெளியே குழாயைத் திருகும் சத்தம் கேட்டது. பயம் வந்துவிட்டது. உண்மையான பயம். ஒழுகாவிட்டால்? இந்தத் துணி ஒருவேளை நல்ல தையலாக இருந்து, ஒரு சொட்டும் விழாமல் போனால்? அப்படியானால் அந்த மனுஷன் பெயரை நான்தான் அழித்தேன் என்று ஆகிவிடும், பதினேழாம் பக்கம் சரி என்று ஆகிவிடும், ஆயுசுக்கும் நான் உறுப்பினர் ஒருவர்தான். எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் தடதடவென்று தண்ணீர் மேலே விழுந்தது. துணி கறுத்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. வெறும் சத்தம்தான். அப்புறம் பின்கழுத்தில் சில்லென்று ஒரு சொட்டு.

அதே இடம். அடியே கழுத்தே, உன்னைப் போய் நம்பாமல் இருந்தேனே! அதன்பிறகு ஒவ்வொன்றாக, தோளில், கைப்பை ஓரத்தில், தரையில். நான் மேலே பார்க்கவில்லை, கீழேதான் பார்த்தேன். சுடுகிற சிமெண்டில் ஈரப்பொட்டுகள் வரிசை கட்டி விழுந்துகொண்டிருந்தன, தையல் போகிற வழியே, நூல் பிடித்த மாதிரி. கோத்த கையைப் பிரித்தேன், மேலே தூக்க இல்லை, தரையில் வைத்து அளக்க. ஒன்றிலிருந்து ஒன்று ஒரு சாண். அடுத்ததும் ஒரு சாண். மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன். மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது, அதில் கண்ணீரும் இருந்திருக்கும், யார் கண்டது? அப்போதுதான் போன் அடித்தது. நல்லசிவம் சார். "மேடம், கூடாரம் எடுத்தாச்சுங்களா? கொஞ்சம் பெருசாப் பாருங்க. ஆமா, அங்க என்ன இவ்வளவு சத்தம்?" "தண்ணி சார்." "சேலத்துலயா இருக்கீங்க? இங்க வெயில் கொளுத்துதே." "நானும் சேலத்துலதான் இருக்கேன். சார், ஒரு வாசகம் கிடைச்சிருக்கு, சொல்றேன், எழுதிக்கறீங்களா?" அவர் குரலே மாறிவிட்டது. "புதுக் கல்லுங்களா? இருங்க இருங்க, பேனா எடுத்துக்கறேன். ம், சொல்லுங்க." நாங்கள் வழக்கமாகச் சொல்கிற வரிசையிலேயே சொன்னேன். "இடம், செவ்வாய்ப்பேட்டை. எழுத்து, தமிழ். காலம், போன பங்குனி. மூணு வரி. சிதைவு இல்லை." "சிதைவே இல்லையா? அருமைங்க! அது என்ன காலம் சொன்னீங்க, சரியாக் கேக்கல. எதுல வெட்டியிருக்கு?" "பையில சார். நீங்க கூடாரம் வாங்கிட்டு வந்தீங்களே, அந்தப் பையில." நான் மூன்று வரியையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், எங்கே வரி முடிகிறது என்பதையும் சேர்த்து.

"கடைக்காரன் ஏதோ சொன்னான்தான், நான் அவசரத்துல கவனிக்கல. அதுக்காக, பையெல்லாம் யாரும்மா உக்காந்து படிப்பாங்க?" என்றார் அவர்.

"நாமதான் சார். அதுக்குத்தான சனி ஞாயிறு கிளம்பிப் போறோம்?" போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். "பதினேழாம் பக்கத்துல ஆறாவது வரியை எடுத்துடுங்க. அந்த இடத்துல இந்த மூணு வரியையும் அப்படியே போடுங்க, ஒரு எழுத்து மாத்தாம. கீழ, படித்தவர் தவமணின்னு போடுங்க. பெருந்தன்மையெல்லாம் வேண்டாம், பேரைப் போடுங்க. ஒன்பது பேர்ல மத்தவங்க படிக்கலைங்கறது தன்னால புரியும். நானும் அதுமேல மண்டி போட்டேன்னு அடிக்குறிப்புல எழுதிக்கறதுன்னா எழுதிக்குங்க, நான் மறுக்க மாட்டேன்."

"அப்ப அந்தக் கூடாரம் மேடம்?" என்றார், ரொம்பவும் மெதுவாக.

"எடுத்துட்டேன். எனக்கு. சனிக்கிழமை கொண்டு வர்றேன். உங்களுக்கு ஒன்னு நீங்க எடுத்துக்குங்க, மறக்காம நனைச்சுக் காயவையுங்க."

போனை மடியில் போட்டேன். அந்த ஏரிக்கரைக்காரன் பெயர் இதனால் திரும்பி வரப்போவதில்லை, எனக்குத் தெரியும். பச்சைப் பெயிண்டுக்குக் கீழே ஐந்து எழுத்தும் இருக்கின்றன, சுரண்டிப் பார்க்க யாரும் விடமாட்டார்கள். ஆனால் அழித்தவள் நான் இல்லை. சத்தமாகவே சொன்னேன், அவனுக்குக் கேட்கிற மாதிரி. நான் இல்லையப்பா.

"அக்கா, போதுங்களா? குழாயை நிறுத்திடட்டுமா?" வெளியிலிருந்து சாதிக் கத்துகிறான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றேன். புடவை தொப்பலாக நனைந்துவிட்டது. கை இரண்டும் மடியில்தான் இருக்கின்றன.